எலி சிரித்தால் டார்வின் ஜெயித்துவிட்டாரா?

கேள்வி இதுதான்: "சிம்பன்சி சிரிக்கிறது, எலிக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் அதுவும் சிரிக்கிறது என்று வீடியோக்கள் வருகின்றன. மிருகங்கள் உண்மையிலேயே சிரிக்கின்றனவா? இதைக் காட்டியே பரிணாமம் நிரூபணமாகிவிட்டது என்கிறார்கள். என் நண்பரோ, 'எல்லாவற்றையும் ஒரே கடவுள் படைத்தார், அதனால் ஒரே மாதிரி இருக்கிறது' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். யார் சொல்வது சரி?"

முதலில் சுருக்கமான பதில். சிம்பன்சி, போனபோ, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகிய மனிதக் குரங்குகள் சிரிக்கின்றன. இதில் இன்றைக்குப் பெரிய சர்ச்சை எதுவும் இல்லை. எலி விஷயத்தில் "ஒரு வகையில் ஆமாம்" என்று இழுத்துத்தான் சொல்ல வேண்டும். சிரிப்பதாகப் பெயர் வாங்கிய வேறு பல பிராணிகள் சிரிப்பதே இல்லை. பரிணாமத்தைப் பொறுத்தவரை, மிருகம் சிரிக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து அதை நிரூபித்துவிட முடியாது. அந்த அளவுக்கு உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருடைய ஒற்றை வரிப் பதில் ஒற்றுமைக்கு மட்டும்தான் விளக்கம் தருகிறது. குரங்குகளின் சிரிப்பு ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகியிருக்கிறது, எந்த வரிசையில் விலகியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் அந்த வரி போதாமல் போய்விடும்.

சிரிக்காதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். கழுதைப்புலி 'சிரிக்கும்' என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். புள்ளிக் கழுதைப்புலி இரையருகே நெருங்கவிடாமல் விரட்டப்படும்போதோ, பலசாலியிடம் பணிந்துபோகும்போதோ எழுப்பும் சத்தம் அது. அந்தக் கெக்கலிப்பைக் கேட்டே அதன் வயதையும் கூட்டத்தில் அதற்குள்ள அந்தஸ்தையும் ஊகிக்கலாம் என்று ஒலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மகிழ்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்திரேலியாவின் குக்கபரா பறவை அடிவயிற்றிலிருந்து சிரிப்பதுபோல் கத்துவது, 'இது எங்கள் எல்லை' என்று அக்கம்பக்கத்துக்கு அறிவிக்க. டால்பினின் புன்னகை அதன் தாடையெலும்பின் அமைப்பு, செத்த பிறகும் அப்படியேதான் இருக்கும். பழைய விளம்பரங்களிலும் சர்க்கஸிலும் கோட்டு சூட்டு போட்ட சிம்பன்சி பல்லைக் காட்டி நிற்குமே, அதுதான் எனக்கு மிகவும் சங்கடமானது. இரண்டு வரிசைப் பல்லும் தெரிய உதட்டை இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நிற்பது பெரும்பாலும் பயத்தின் அல்லது பணிவின் முகம். பார்த்தவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் எதைச் சிரிப்பு என்று கணக்கில் எடுப்பது? காதுக்குச் சிரிப்பு மாதிரி கேட்கிறதா என்பதை ஆய்வாளர்கள் அளவுகோலாகக் கொள்வதில்லை. எந்தச் சூழலில் அந்த ஒலி வருகிறது என்று பார்க்கிறார்கள். பொய்ச்சண்டை, துரத்தி விளையாடுவது, கிச்சுகிச்சு ஆகியவற்றின்போது, எதிராளியிடம் 'இது விளையாட்டு, நிஜமாகக் கடிக்கமாட்டேன்' என்று தெரிவிக்கும் குறியாக அது இருக்க வேண்டும். டச்சு விலங்கியலாளர் யான் வான் ஹூஃப் 1972-இல் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். குரங்குகளிடம் இரண்டு தனித்தனி முகபாவங்கள் இருக்கின்றன. ஒன்று, வாயைத் தளர்வாகத் திறந்து, மூச்சிரைப்போடு வரும் விளையாட்டு முகம். மற்றொன்று, மேலே சொன்ன பல்லைக் காட்டும் முகம். நம்முடைய சிரிப்பு முதலாவதன் வழியிலும், புன்னகை இரண்டாவதன் வழியிலும் வந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. புன்னகைதான் முற்றிச் சிரிப்பாகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் கணக்குப்படி இரண்டும் வேறு வேறு வேரில் தொடங்கி மனிதனிடம் வந்து ஒட்டிக்கொண்டவை. மேலதிகாரி சொன்ன ஜோக்குக்கு நாம் இளிப்பதை யோசித்துப் பார்த்தால், பணிவு முகம் முழுசாகப் போய்விடவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இனி விவாதத்துக்கு வருவோம். சிரிப்பு இந்தச் சண்டைக்குள் நேற்று வந்து சேர்ந்த விஷயம் இல்லை. மனிதன் மட்டுமே சிரிக்கத் தெரிந்தவன் என்ற வாக்கியம் நம் பட்டிமன்ற மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும். அதன் பூர்வீகம் அரிஸ்டாட்டில் வரை போகிறது. விலங்குகளின் உடலுறுப்புகளைப் பற்றிய நூலில், உதரவிதானத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், மனிதனுக்கு மட்டும் கிச்சுகிச்சு உறைப்பதற்குக் காரணம் அவனுடைய மெல்லிய தோலும், உயிர்களில் அவன் ஒருவனே சிரிப்பவன் என்பதும்தான் என்று எழுதினார். பிற்காலக் கிறித்தவ ஐரோப்பா இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பகுத்தறிவும் ஆன்மாவும் மனிதனுக்கு மட்டுமே உரியவை என்றால், சிரிப்பு அதற்கு வெளியே தெரியும் அடையாளமாக வசதியாகப் பொருந்தியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு உடற்கூறியல் சாயம் பூசியவர் சர் சார்லஸ் பெல். ஸ்காட்லாந்துக்காரர், அறுவை மருத்துவர். முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று வாதத்தால் தொய்ந்துபோகும் நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். முகத் தசைகளை அவரளவுக்கு அறிந்தவர்கள் அன்று குறைவு. உணர்ச்சியை வெளிக்காட்டுவதற்கென்றே சில முகத் தசைகள் மனிதனுக்கு மட்டும் படைத்தவனால் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அவருடைய வாதம். மிருகங்களின் முகத்தில் தெரிவதெல்லாம் தேவையின் விளைவு, கடிக்கத் தயாராகும்போது பல் தெரிகிறது, அவ்வளவுதான் என்றார்.

டார்வின் 1872-இல் மனிதனிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி ஒரு தனிப் புத்தகம் எழுதியதற்கு பெல்லின் இந்த வாதம் ஒரு முக்கியக் காரணம். உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வந்து 13 வருடம், மனிதனின் மரபுவழி பற்றிய நூல் வந்து ஒரு வருடம் கழித்து வந்தது அது. முன்னுரையிலேயே பெல்லைக் கையில் எடுக்கிறார், அதுவும் மரியாதையோடு. மனிதனுக்கும் மற்ற விலங்குகளுக்கும் நடுவே முடிந்த அளவு அகலமான கோடு போட பெல் விரும்பினார் என்று சுட்டிக்காட்டிவிட்டு, அந்தத் தசைகள் மனிதக் குரங்குகளிடமும் இருக்கின்றனவே என்று கேட்கிறார். சிம்பன்சிக் குட்டிக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் கெக்கலிப்பது போன்ற ஒலி வருகிறது, நம் குழந்தைகளுக்குப் போலவே அதற்கும் அக்குளில்தான் கூச்சம் அதிகம், சில சமயம் சத்தமே வராமலும் சிரிக்கிறது என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆக, விலங்கின் சிரிப்பு என்பது படைப்பா பரிணாமமா என்ற வழக்கில் 150 வருடத்துக்கு மேலாகச் சாட்சிக் கூண்டில் நிற்கிறது. பெல்லும் டார்வினும் மோதிக்கொண்ட விஷயம், மனிதனுக்கென்றே தனியாக ஒரு தசை உண்டா இல்லையா என்பது. திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய கேள்வி. இன்று நடக்கும் வாதங்களில் பாதிக்கு அந்தத் தெளிவு கிடையாது.

டார்வின் ஒரு கவனிப்பைச் சொன்னார், அளந்து பார்க்கவில்லை. அளந்தவர்கள் 2009-இல் வந்தார்கள். மரீனா டவிலா ராஸ், மைக்கேல் ஓரன், எல்கே ட்சிம்மர்மான் என்ற மூவரும் இருபது சொச்சம் இளம் மனிதக் குரங்குகளுக்கும் மூன்று மனிதக் குழந்தைகளுக்கும் கிச்சுகிச்சு மூட்டி, வந்த ஒலிகளைப் பதிவு செய்தார்கள். குரங்குகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டியவர்கள் அவற்றுக்கு நன்றாகப் பழக்கமானவர்கள், தெரியாத கை பட்டால் சிரிப்பு வராது. ஒப்பிட்டுப் பார்க்க, சற்றுத் தூரத்து உறவான சியாமாங் என்ற கிப்பன் வகைக் குரங்கு ஒன்றின் ஒலியையும் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் 800-க்கும் மேற்பட்ட ஒலித்துண்டுகள். ஒவ்வொன்றிலும் நீளம், வேகம், மூச்சு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா, குரல்வளை அதிர்வு எவ்வளவு சீராக இருக்கிறது என்று பல அம்சங்களை அளந்தார்கள். அப்புறம் அந்த எண்களை மட்டும் வைத்து, வம்சமரம் கணக்கிடும் முறைகளால் எந்தச் சிரிப்பு எதற்கு உறவு என்று ஒரு மரம் வரைந்தார்கள்.

வந்த மரத்தில் சிம்பன்சியும் போனபோவும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். அவற்றோடு மனிதன். அடுத்து கொரில்லா. எல்லாவற்றிலிருந்தும் தள்ளி ஒராங்குட்டான். டி.என்.ஏ.வை வைத்து ஏற்கெனவே வரைந்திருந்த மரமும் இதே மரம்தான். இதிலிருந்து அவர்கள் எட்டிய முடிவு, கிச்சுகிச்சுச் சிரிப்பு குறைந்தது 1 கோடி முதல் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, மனிதனுக்கும் எல்லா மனிதக் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதையிடம் இருந்திருக்க வேண்டும் என்பது.

உங்கள் நண்பரின் வாதத்துக்கு நேரடியான பதில் இந்த மரத்தில்தான் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். ஒரே படைப்பாளி என்பதால் ஒற்றுமை என்கிறார் அவர். சரி, ஒற்றுமைக்கு அது ஒரு விளக்கம்தான். வேற்றுமை ஏன் இந்த ஒழுங்கில் இருக்கிறது? ஏட்டுச் சுவடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலுக்குப் பல ஊர்களிலிருந்து பத்துச் சுவடிகள் கிடைத்தால், பதிப்பாசிரியர் எல்லாவற்றிலும் பொதுவாக உள்ள பாட்டு வரிகளை வைத்து எது எதைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிப்பதில்லை. அந்த வரிகள் எல்லாவற்றிலும்தான் இருக்கும். பாடபேதங்களைத்தான் பார்ப்பார். இந்த மூன்றில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே பிழை, இந்த மூன்றில் இரண்டில் மட்டும் இன்னொரு பிழை என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கு வந்தால், எழுதியவர்களை யாரும் நேரில் பார்க்காவிட்டாலும் சுவடிகளின் வம்சாவளி தெரிந்துவிடும். குரங்குச் சிரிப்பில் கிடைத்தது அப்படிப்பட்ட அடுக்கு. அதே அடுக்கு, சிரிப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத டி.என்.ஏ. பகுதிகளிலும் கிடைத்திருந்தது.

'கடவுள் நினைத்தால் அந்த அடுக்கிலேயே படைத்திருக்கலாமே' என்று நண்பர் சொல்லலாம். சொன்னால் மறுக்க வழி கிடையாது. எந்த அடுக்கில் வந்திருந்தாலும் இதையே சொல்லியிருக்கலாம் என்பதுதான் அந்தப் பதிலில் உள்ள சிக்கல். ஒராங்குட்டானின் சிரிப்பு நம்முடையதற்கு மிக நெருக்கமாகவும் சிம்பன்சியின் சிரிப்பு மிகத் தூரமாகவும் வந்திருந்தாலும் 'கடவுள் சித்தம்' என்ற பதில் அப்படியே பொருந்தும். பொது மூதாதை என்ற கருத்துக்கு அந்தச் சலுகை இல்லை. மரம் தாறுமாறாக வந்திருந்தால், சிரிப்பு ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்ற முடிவை அந்த ஆய்வாளர்கள் கைவிட்டிருக்க வேண்டும். மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தும் மாட்டாமல் வந்த கருத்துக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை நண்பர் கேட்காவிட்டாலும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். உடலமைப்பு நெருங்கினால் குரலும் நெருங்கத்தானே செய்யும், இதில் என்ன அதிசயம்? ஓரளவு உண்மைதான். ஆனால் உடல் அளவுதான் காரணம் என்றால் எல்லாவற்றிலும் பெரிய கொரில்லா ஓரத்தில் தனியாக நிற்க வேண்டும். அப்படி வரவில்லை. இன்னொன்று, மூன்று குழந்தைகளும் இருபது சொச்சம் குரங்குகளும் பெரிய எண்ணிக்கை இல்லை. இந்த ஒரு ஆய்வை மட்டும் நம்பிப் பந்தயம் கட்டக்கூடாது. ஏற்கெனவே வேறு வழிகளில் உறுதியான மரத்தோடு இதுவும் ஒத்துப்போனது என்பதுதான் இதன் பெறுமானம்.

அந்த மரத்திலேயே நமக்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி நன்றாகத் தெரிகிறது. சிம்பன்சி சிரிப்பைக் கண்ணை மூடிக் கேட்டால் பலருக்கு அது சிரிப்பென்றே தெரியாது, நாய் இரைப்பது போலவோ மரம் அறுப்பது போலவோ இருக்கும். மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம். நாம் செய்வது வேறு. ஒரே வெளிமூச்சைத் துண்டு துண்டாக வெட்டி 'ஹ ஹ ஹ' என்று விடுகிறோம். அமெரிக்காவின் மேரிலாந்தில் பல வருடம் சிரிப்பையே ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன் கணக்கிட்டபடி, ஒவ்வொரு 'ஹ'வும் ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய 75 பங்கு நீளம், அவை சுமார் 210 பங்குக்கு ஒன்றாக வரும். நான்கு காலில் நடக்கும் விலங்குக்கு முன்காலில் எடை விழும் ஒவ்வொரு முறையும் மார்புக்கூடு இறுக வேண்டியிருப்பதால் மூச்சு நடையோடு கட்டுப்பட்டிருக்கிறது, நிமிர்ந்து நடந்த பிறகுதான் நமக்கு மூச்சை விருப்பம்போல் நறுக்கும் சுதந்திரம் கிடைத்தது, பேச்சும் இந்தச் சிரிப்பும் அதன் பலன் என்பது அவருடைய கருதுகோள். எனக்குப் பிடித்த கருத்து. ஆனால் 2009 ஆய்வு அதில் ஒரு திருத்தம் போட்டது. கொரில்லாவும் போனபோவும் சிரிக்கும்போது சாதாரண மூச்சைவிட மூன்று நான்கு மடங்கு நீளமாக வெளிமூச்சை இழுத்து விட முடிகிறது. மூச்சின் மேல் பிடிப்பு மனிதனிடம்தான் பிறந்தது என்று இனி சொல்ல முடியாது.

இதோடு ஒட்டிய இன்னொரு ஆய்வு 2021-இல் வந்தது. சில மாதக் குழந்தைகள் சிரிக்கும்போது சிம்பன்சியைப் போல உள்மூச்சிலும் வெளிமூச்சிலும் சிரிக்கின்றன, ஒன்றரை வயதை நெருங்க நெருங்க வெளிமூச்சுச் சிரிப்பு கூடுகிறது. இதைப் படித்ததும் 'குழந்தை குரங்காகத் தொடங்கி மனிதனாகிறது, பாருங்கள் பரிணாமம்' என்று கிளம்பாதீர்கள். கருவும் குழந்தையும் தங்கள் இனத்தின் வரலாற்றை மறுபடி நடித்துக் காட்டுகின்றன என்ற, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் விலங்கியலாளர் ஹெக்கலின் கருத்தை உயிரியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. குழந்தைக்கு மூச்சுக் கட்டுப்பாடு இன்னும் கைவரவில்லை என்பதே போதுமான விளக்கமாக இருக்கலாம். பிறவியிலேயே கண்ணும் காதும் இல்லாத குழந்தைகளும் சிரிக்கின்றன என்பதை ஆஸ்திரிய ஆய்வாளர் ஐபிள் ஐபெஸ்ஃபெல்ட் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார். சிரிப்பின் அடிப்படை பார்த்தோ கேட்டோ படிப்பதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அதுதான்.

அடுத்து எலி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் இருந்த யாக் பாங்க்செப், எஸ்தோனியாவில் பிறந்தவர். 1990-களின் பிற்பகுதியில் அவரும் ஜெஃப்ரி பர்க்டார்ஃபும், எலிகள் விளையாடும்போது 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுவதைக் கவனித்தார்கள். மனிதக் காதின் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அது நமக்குக் கேட்காது. வவ்வால்களின் ஒலியைக் கேட்கப் பயன்படும் கருவி மாதிரி ஒன்று வேண்டும். எலியின் பிடரியிலும் வயிற்றிலும் விரலால் கிச்சுகிச்சு மூட்டியபோது கீச்சு எகிறியது. கையை எடுத்தால் எலி கையைத் துரத்திக்கொண்டு வந்தது. குட்டிகள்தான் அதிகம் கீச்சிட்டன. பூனை வாடை அடித்தால் கீச்சு அடங்கியது. பயத்திலும் வலியிலும் எலி எழுப்பும் ஒலியே வேறு, அது 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம்.

பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் ஷிம்பே இஷியாமாவும் மிக்கேல் பிரெக்ட்டும் 2016-இல் ஒரு படி மேலே போனார்கள். மூளையில் உடலின் நடுப்பகுதித் தொடுவுணர்வைக் கவனிக்கும் இடத்தில் உள்ள நரம்புச் செல்கள் கிச்சுகிச்சின்போது துடித்தன, கையைத் துரத்தி விளையாடும்போது தொடாமலேயும் துடித்தன. அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டினாலும் எலி கீச்சிட்டது. உயரமான மேடையில் பிரகாசமான விளக்கின் கீழ், அதாவது எலிக்குப் பதற்றம் தரும் சூழலில் வைத்துக் கிச்சுகிச்சு மூட்டினால் கீச்சு வெகுவாகக் குறைந்தது. மனநிலை சரியில்லாதபோது நமக்கும் கிச்சுகிச்சு எரிச்சலைத்தானே தரும்.

இவ்வளவு இருந்தும் 'எலி சிரிக்கிறது' என்று முழு வாயால் சொல்ல எனக்குத் தயக்கம். காரணம், அதே 50 கிலோஹெர்ட்ஸ் கீச்சு சாப்பாட்டை எதிர்பார்க்கும்போதும் சில போதைப் பொருள்களைக் கொடுக்கும்போதும் வருகிறது. 'நல்லது வரப்போகிறது' என்ற பொதுவான குதூகல ஒலியாகவும் அது இருக்கலாம். தவிர, எலியின் கீச்சுக்கும் நம் 'ஹ ஹ'வுக்கும் ஒலியில் எந்த ஜாடையும் கிடையாது. விளையாட்டுக்கான பழைய மூளைச் சுற்று இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம், அதன் மேல் ஒலி மட்டும் தனித்தனியாக வந்திருக்கலாம். பரிணாமத்தின் பக்கம் நின்று பேசுபவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். மனிதக் குரங்கு ஆய்வில் இருந்த அடுக்கு எலி ஆய்வில் இல்லை. ஒரு புள்ளியை வைத்து மரம் வரைய முடியாது.

விளையாடும்போது ஒலி எழுப்பும் உயிரினங்களை சாஷா விங்க்லரும் கிரெகரி பிரையன்ட்டும் 2021-இல் தொகுத்தபோது 65 இனங்கள் பட்டியலில் வந்தன. பெரும்பாலும் பாலூட்டிகள், கூடவே சில பறவைகள். நியூசிலாந்தின் கியா கிளி அதில் ஒன்று. அதன் ஒரு வகைக் குழறலைப் பதிவு செய்து ஒலிபரப்பியபோது, சும்மா இருந்த கியாக்கள் எழுந்து விளையாட ஆரம்பித்தன. அதாவது அந்தக் குரல் தொற்றுகிறது. ஆனால் கிளியிடமிருந்து மனிதனுக்குச் சிரிப்பு வந்தது என்று எந்த விஞ்ஞானியும் சொல்லமாட்டார். கிளி தனியாக ஒரு வழியில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். ஆக, ஒற்றுமை தானாக உறவைக் காட்டிவிடாது என்பதைப் பரிணாம உயிரியலே ஒப்புக்கொள்கிறது. நண்பரிடம் இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், பேச்சு சுமுகமாகப் போகும்.

இந்த விவாதம் உண்மையில் சூடாக நடந்த இடம் அமெரிக்கா. 1925-இல் டென்னஸி மாநிலத்தின் டேட்டன் ஊரில் பரிணாமம் கற்பித்ததாக ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். 1987-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பரிணாமத்தோடு, கடவுள் படைத்தார் என்பதை அறிவியலாக முன்வைக்கும் 'படைப்பு அறிவியலையும்' சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில், உயிர்களை அறிவுள்ள ஒரு வடிவமைப்பாளர் உருவாக்கினார் என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' அறிவியல் அல்ல என்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பெழுதினார். இங்கே இந்தியாவிலும் சும்மா இல்லை. 2018 ஜனவரியில் ஒன்றிய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வின் கொள்கை தவறு என்று பேசினார். 2023-இல், பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் ஒன்றிய அரசின் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து பரிணாமப் பகுதி போய்விட்டது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அமைச்சர் சொன்னதற்குப் பதில் சுலபம். இன்றைய சிம்பன்சி மனிதனாக மாறியது என்று யாருமே சொல்லவில்லை. சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, சொந்தக்காரர்.

உங்கள் நண்பர் பக்திமான் என்பதால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பரிணாமத்தை ஏற்றால் கடவுளை விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பரிணாமத்தின் வெளிச்சத்தில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதற்குமே அர்த்தமில்லை என்று 1973-இல் எழுதிய மரபியலாளர் தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி தன்னைப் படைப்புவாதி என்றும் பரிணாமவாதி என்றும் அதே கட்டுரையில் சொல்லிக்கொண்ட கிறித்தவர். போப் இரண்டாம் ஜான் பால் 1996-இல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். மனிதனின் தனிச்சிறப்பு போய்விடுமோ என்ற கவலைக்கும் இடமில்லை. இங்கே இல்லாத ஒருவரை நினைத்துச் சிரிப்பது, நேற்று நடந்ததற்கு இன்று சிரிப்பது, வராத சிரிப்பை வரவழைத்துச் சமாளிப்பது எல்லாவற்றிலும் நம் அளவுக்குப் போன விலங்கு கிடையாது. ஆனால் இதிலும் கோடு கொஞ்சம் மங்கல்தான். ஜாம்பியாவின் சிம்ஃபுன்ஷி சரணாலயத்தில், கூடவிளையாடும் சிம்பன்சி சிரித்ததற்குப் பதிலாகச் சிரிக்கும் சிரிப்பு, தானாக வரும் சிரிப்பைவிட வேறு மாதிரி இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஒப்புக்குச் சிரிப்பது என்று நான் சொன்னால் ஆய்வாளர்கள் கோபிப்பார்கள்.

கடைசியாக ஒரு யோசனை. நண்பரிடம் பரிணாமம் பற்றிப் பேச வேண்டுமானால் சிரிப்பிலிருந்து தொடங்காதீர்கள். அது ரசமான விஷயம்தான், ஆனால் துணைச் சான்று. வைட்டமின் சி-யிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தங்கள் உடலிலேயே தயாரிக்கின்றன. நமக்கு எலுமிச்சையும் நெல்லிக்காயும் தேவைப்படுவது, அதைத் தயாரிக்கும் கடைசிப் படியை நடத்தும் மரபணு நம்மிடம் உடைந்து கிடப்பதால். அந்த உடைந்த மரபணு அப்படியே சிம்பன்சியிடமும் கொரில்லாவிடமும் ஒராங்குட்டானிடமும் மற்றக் குரங்குகளிடமும் கிடக்கிறது. தேவாங்கும் லெமூரும் உள்ள கிளையில் அது இன்னும் வேலை செய்கிறது. கினி பன்றியிடமும் உடைந்திருக்கிறது, ஆனால் உடைந்த விதம் வேறு. வேலை செய்யாத ஒரு பொருளை ஒரே விதமாக உடைத்து இத்தனை பேருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அவர் நல்ல பதில் வைத்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.